கனடாவுக்குச் சுற்றிப் பார்க்க வருகிறீர்களா? காடு, ஏரி, பனி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு டொராண்டோ நகரின் ஸ்கார்பரோவில். மே மாதம் தொடங்கினால் அக்டோபர் வரை ஊரிலிருந்து யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். விமான நிலையத்திலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் பாதிக் கேள்வி முடிந்துவிடும், மீதி வாட்ஸ்அப்பில் வரும். ஒரே பதிலைப் பல வருடம் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன். எனக்குப் பழக்கமானது ஒன்டாரியோவும் ராக்கி மலைப் பக்கமும். அவைதான் இங்கே அதிகம் வரும்.

ரெண்டு வாரம் லீவு. டொராண்டோ, பான்ஃப், வான்கூவர், அப்படியே வடக்கே போய் அந்தப் பச்சை ஒளி... எல்லாம் பார்த்துடலாம்ல?

பார்க்கலாம், விமான நிலையங்களை. டொராண்டோவிலிருந்து ராக்கி மலையில் இருக்கும் பான்ஃபுக்குச் சாலை வழியாக ஏறக்குறைய 3,400 கி.மீ. மேற்கே ஓட்டிக்கொண்டே போனால் ஒன்டாரியோ மாகாணத்தைத் தாண்டுவதற்கே 20 மணி நேரத்துக்கு மேல் ஆகும். சென்னையிலிருந்து டெல்லி போகிற தூரம் கிட்டத்தட்ட முடிந்திருக்கும், நீங்கள் இன்னும் அதே மாகாணத்தில் இருப்பீர்கள். கிழக்குக் கோடியில் இருக்கும் செயின்ட் ஜான்ஸ் நகரத்துக்கு வான்கூவரைவிட லண்டன் பக்கம்.

ரெண்டு வாரத்துக்கு ரெண்டு இடம் போதும். ஒரு வாரம் ஒன்டாரியோ. இன்னொரு வாரம் கால்கரிக்கு விமானத்தில் போய், அங்கிருந்து கார் எடுத்து 130 கி.மீ. தள்ளி இருக்கும் பான்ஃப். லேக் லூயிஸிலிருந்து ஜாஸ்பர் வரை போகும் 230 கி.மீ. சாலை ஒன்றுக்கே ஒரு முழு நாளைக் கொடுங்கள். அந்தப் பச்சை ஒளிக்கு, அதாவது துருவ ஒளிக்கு, யெல்லோநைஃப் மாதிரி வடக்கே போக வேண்டும். அங்கே ஜூன், ஜூலையில் ராத்திரி இருட்டுவதே இல்லை, ஒளி இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. அது தனிப் பயணம்.

எந்த மாசம் வந்தா நல்லது?

என்னைக் கேட்டால் செப்டம்பர். கொசு குறைந்திருக்கும், பள்ளிக்கூடம் திறந்துவிடுவதால் கூட்டம் இருக்காது, ஏரித் தண்ணீரில் வெயில் காலத்துச் சூடு கொஞ்சம் மிச்சம் இருக்கும். ஒன்டாரியோவின் அல்கோன்குவின் பூங்காவில் மேப்பிள் இலை சிவப்பது செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரம். ஜூலை, ஆகஸ்ட் குழந்தைகளுக்கு வசதி, பெரியவர்கள் பார்க்கிங்குக்கு அலைய வேண்டும். ராக்கி மலையில் உயரமான பாதைகளில் ஜூன் கடைசி வரைகூடப் பனி கிடக்கும்.

பனிக்காகவே வருவதென்றால் ஜனவரி பாதியிலிருந்து பிப்ரவரி. நவம்பரில் மட்டும் வராதீர்கள். இலையும் இருக்காது, பனியும் இருக்காது, வானம் சாம்பல் பூசியது மாதிரி கிடக்கும்.

ஸ்கார்பரோல மகன் வீட்ல இருக்கோம். வார நாள்ல கார் அவன் எடுத்துட்டுப் போயிடுவான். நடக்கிற தூரத்துல காடு மாதிரி ஏதாவது?

ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா. நகரத்துக்குள்ளேயே சுமார் 79 சதுர கி.மீ. காடு, ஆறு, பழைய பண்ணை நிலம். கனடாவின் முதல் தேசிய நகர்ப்புறப் பூங்கா இதுதான். நுழைவுக் கட்டணம் கிடையாது, டிடிசி நகரப் பஸ்ஸிலேயே போகலாம். ஆறு ஒன்டாரியோ ஏரியில் கலக்கும் இடத்தில் மணல் கரை இருக்கிறது. சாயந்தரம் அங்கே போய் உட்கார்ந்தால் பக்கத்துப் பாயில் யாராவது தமிழில் பேசிக்கொண்டிருப்பார்கள்.

அம்மாவும் அப்பாவும் யாழ்ப்பாணத்தில இருந்து வருகினம். ரெண்டு பேருக்கும் முழங்கால் வருத்தம். மலைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனால் சும்மா கார்லயே இருக்க வேண்டி வருமே?

இருக்க வேண்டாம். பான்ஃபில் ஜான்ஸ்டன் கேன்யன் என்று ஒரு பள்ளத்தாக்கு. பாறையை ஒட்டிக் கம்பி போட்ட நடைபாதை, முதல் அருவிக்கு 1.2 கி.மீ.தான். லேக் லூயிஸ் கரையில் சக்கர நாற்காலியே போகும். அதே கரையிலிருந்து லேக் ஆக்னஸ் தேநீர்க் கடைக்கு ஏறும் பாதையை மட்டும் "மூன்றரை கிலோமீட்டர்தானே" என்று நம்பிக் கிளம்பாதீர்கள். 400 மீட்டர் உயரம் ஏற வேண்டும். இங்கே பாதையின் நீளத்தைப் பார்ப்பதைவிட ஏற்றம் எவ்வளவு என்று பலகையில் பார்ப்பதுதான் முழங்காலுக்கு நல்லது.

கைத்தடி இரண்டு வாங்கிக் கொடுங்கள். முதல் நாள் "எனக்கென்ன வயசாச்சா" என்பார்கள், இரண்டாம் நாள் திருப்பித் தர மாட்டார்கள்.

பார்க் டிக்கெட்டை வாசல்லயே வாங்கிக்கலாம்ல?

தேசியப் பூங்கா நுழைவுச் சீட்டை வாங்கலாம். 17 வயது வரை இலவசம், ஒரே காரில் ஏழு பேர் வரை குடும்பச் சீட்டு உண்டு. பல நாள் தங்கினால் வருடச் சீட்டு லாபமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். சிக்கல் நுழைவுச் சீட்டில் இல்லை, வண்டி நிறுத்துவதில் இருக்கிறது.

பான்ஃபில் இருக்கும் மொரெய்ன் ஏரிக்கு 2023 முதல் சொந்தக் காரில் போக அனுமதி இல்லை. ஜூன் தொடக்கத்திலிருந்து அக்டோபர் பாதி வரை பூங்காவின் ஷட்டில் பஸ் அல்லது தனியார் பஸ். ஷட்டில் இருக்கைகளில் ஒரு பகுதியை வசந்த காலத்திலேயே விற்றுவிடுவார்கள், மீதியைப் பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு காலை 8 மணிக்கு அந்த ஊர் நேரப்படி திறப்பார்கள். டொராண்டோவில் அப்போது மணி 10. இதை மறந்து 8 மணிக்கு உட்கார்ந்து "சைட் வேலை செய்யலை" என்று என்னைக் கூப்பிட்டவர்கள் இரண்டு பேர். ஒன்டாரியோவில் டொபர்மோரி பக்கம் குரோட்டோ குகைக்கும் பார்க்கிங் நேரத்தை முன்கூட்டியே பதிய வேண்டும். அல்கோன்குவினுக்கு ஒரு நாள் வாகன அனுமதி ஐந்து நாள் முன்பிலிருந்து கிடைக்கும், கூடாரம் போடும் இடம் ஐந்து மாதம் முன்பிலிருந்து. இலை சிவக்கும் வாரத்துக்கு அந்த ஐந்தாம் நாள் காலையிலேயே எடுத்துவிடுங்கள்.

கரடி வருமா?

இதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. ஒன்டாரியோவில் நாம் போகும் இடங்களில் இருப்பது கருங்கரடி. ராக்கி மலையில் கிரிஸ்லி என்னும் பழுப்புக் கரடியும் உண்டு. பெரும்பாலும் நீங்கள் வருவது தெரிந்தாலே விலகிப் போய்விடும். அதனால் பேசிக்கொண்டே நடங்கள், நம் ஆட்களுக்கு அது கஷ்டமில்லை. பார்த்துவிட்டால் ஓடாதீர்கள். மெதுவாகப் பேசியபடி பின்வாங்குங்கள். தேசியப் பூங்காக்களில் கரடி, ஓநாய்க்கு 100 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், மான் வகைகளுக்கு 30 மீட்டர். செப்டம்பரில் பான்ஃப், ஜாஸ்பர் ஊருக்குள்ளேயே எல்க் என்னும் பெரிய மான் கடாக்கள் சண்டைக்கு நிற்கும். செல்ஃபிக்குப் போய் முட்டு வாங்காதீர்கள்.

மலைப் பக்கம் கரடி ஸ்பிரே இடுப்பில் இருக்க வேண்டும், பையின் அடியில் அல்ல. அது மிளகாய்ச் சாரம், பாய்ந்து வரும் கரடியின் முகத்துக்கு அடிப்பது. கொசு மருந்து மாதிரி உடம்பிலோ கூடாரத்திலோ தெளிக்கக் கூடாது. சிரிக்காதீர்கள், செய்தவர்கள் இருக்கிறார்கள். விமானத்தில் எந்தப் பையிலும் அனுமதி இல்லை, போய் இறங்கிய ஊரில் வாங்குங்கள்.

கரடிக்கு இவ்வளவு பயப்படுகிறவர்கள் ஏரியைக் கண்டு பயப்படுவதில்லை. என் கவலை அதுதான், கீழே வருகிறேன்.

கேம்பிங்குக்கு நம்ம சாப்பாடு கட்டிட்டுப் போகலாமா? கருவாடு?

புளிசாதம், எலுமிச்சை சாதம், இட்லிப் பொடி எல்லாம் தாராளமாக. சாப்பிட்டு முடித்ததும் எல்லாவற்றையும் கார் டிக்கியில் பூட்டிவிடுங்கள். பாத்திரம், குப்பை, பற்பசை, குழந்தையின் பால் புட்டியும் சேர்த்து. வாசனை வருவது எதுவும் கூடாரத்துக்குள் போகக் கூடாது. பான்ஃபில் மேசையில் உணவை விட்டுவிட்டு நடக்கப் போனால் அபராதமும் உண்டு, இடத்தையே காலி செய்யவும் சொல்லலாம். கருவாட்டை வீட்டில் வறுத்துச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

அல்கோன்குவினில் கனூ (துடுப்புப் படகு) ஓட்டிப் போய் உள்காட்டில் தங்குவதென்றால் தகர டப்பா, கண்ணாடிப் பாட்டில் இரண்டுக்கும் தடை. ஊறுகாயை ஜிப் பைக்கு மாற்றுங்கள். அங்கே கார் இல்லாததால் சாப்பாட்டுப் பையைக் கயிறு போட்டுத் தரையிலிருந்து 4 மீட்டராவது உயரத்தில், மரத்தண்டிலிருந்து தள்ளித் தொங்கவிட வேண்டும். இத்தனை வருடத்தில் எங்கள் சாப்பாட்டைத் திருடியது கரடி இல்லை, ரக்கூன். இட்லிப் பொடி டப்பாவின் திருகு மூடியை இரண்டு கையாலும் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தது. டார்ச் அடித்தபோது எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தது.

நீச்சல் தெரியாது. கனூ, கயாக் ஏறலாமா?

அமைதியான சின்ன ஏரி, கரையோரம், லைஃப் ஜாக்கெட் மாட்டிக் கட்டியபடி, கூடத் தெரிந்தவர் ஒருவர் என்றால் ஏறலாம். படகு வாடகைக்குத் தரும் இடத்தில் ஆளுக்கு ஒரு ஜாக்கெட், விசில், 15 மீட்டர் மிதக்கும் கயிறு, தண்ணீர் இறைக்க ஒரு குவளை கொடுப்பார்கள். ஜாக்கெட்டின் அளவு சரிதானா என்று தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். காதுவரை ஏறினால் பெரியது, மாற்றச் சொல்லுங்கள். சேலையோடு ஏறாதீர்கள், கவிழ்ந்தால் காலைச் சுற்றிக்கொள்ளும். கனூவில் எழுந்து நிற்கக் கூடாது. ஃபோட்டோவுக்கும் கூடாது.

மோட்டார் படகு வாடகைக்கு எடுத்தால், ஓட்டுநர் அட்டை இல்லாதவருக்குக் கடைக்காரர் ஒரு பாதுகாப்புப் பட்டியலைச் சொல்லிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவார். வாடகைக் காலம் முழுக்க அந்தத் தாளே அத்தாட்சி, தொலைக்காதீர்கள். பீரோடு படகு ஓட்டுவது காரில் குடித்துவிட்டு ஓட்டுவதற்குச் சமம், அதே குற்றவியல் சட்டம்தான்.

நான் காவேரில நீந்தி வளர்ந்தவன். எனக்கு எதுக்கு ஜாக்கெட்?

காவேரித் தண்ணீர் வேறு, இது வேறு. ஒரு மே மாதம் அல்கோன்குவின் பக்கம் என் மச்சான் கனூவில் எழுந்து நின்றான். கரை பத்தடிதான். கவிழ்ந்தோம். தண்ணீர் மார்பளவு. அவன் திருச்சியில் பள்ளிக்கூட நீச்சல் பந்தயத்தில் ஜெயித்தவன். அன்றைக்கு வாயைத் திறந்து திறந்து மூடினான், சத்தம் வரவில்லை. கரையேறியதும் சட்டைப் பொத்தானைக் கழற்ற விரல் மடங்கவில்லை, நான்தான் கழற்றிவிட்டேன். ஜாக்கெட் மாட்டியிருந்ததால் இன்றைக்கும் இதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறான்.

மானிட்டோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் இதை 1-10-1 என்று சுருக்கிச் சொல்லித் தருகிறார். குளிர்ந்த தண்ணீரில் விழுந்தால் முதல் 1 நிமிடம் மூச்சு உங்கள் வசத்தில் இருக்காது. அந்த நிமிடம் முகம் தண்ணீருக்கு மேலே இருந்தால் போதும், பதறாதீர்கள். அடுத்த 10 நிமிடம் கைகால் சொன்னபடி கேட்கும். பிறகு தசை வேலை செய்யாது, எவ்வளவு பெரிய நீச்சல்காரரானாலும். உடம்பு குளிர்ந்து நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம் ஆகும். ஜாக்கெட் இல்லாதவர் அந்த ஒரு மணி நேரம்வரை போவதே இல்லை. சட்டப்படி பெரியவர்களுக்கு அது படகில் இருந்தால் போதும். விழுந்த பிறகு தண்ணீரில் அதைத் தேடி மாட்ட முடியாது, அதனால் என்னோடு வருபவர்கள் கரையிலேயே மாட்டிக்கொண்டுதான் ஏறுவார்கள்.

வெயில் 30 டிகிரி அடித்தாலும் இதே கதைதான். ஜூனில் ஜார்ஜியன் விரிகுடாவில் கால் வைத்துப் பாருங்கள். லேக் லூயிஸில் இருப்பது பனிப்பாறை உருகிய தண்ணீர். பாறை மாவு கலந்திருப்பதால்தான் அந்தப் பச்சை நீலம்.

அப்பாவுக்கு 72. மூத்தவங்களுக்கு மீன்பிடி லைசென்ஸ் வேண்டாமாமே?

பாதி உண்மை. ஒன்டாரியோவில் 65 வயதுக்கு மேல் லைசென்ஸ் வேண்டாம் என்பது கனடாவில் வசிப்பவர்களுக்கு. விசிட்டராக வந்த அப்பா வாங்கத்தான் வேண்டும். ஒரு நாள் லைசென்ஸ் இருக்கிறது, அதற்கு தனி அட்டை எதுவும் தேவையில்லை. வருடத்தில் சில நாட்கள் வரும் இலவச மீன்பிடிப்பும் கனடாவாசிகளுக்குத்தான். வெளிநாட்டிலிருந்து வந்த 18 வயதுக்குட்பட்ட பேரப்பிள்ளைகள் லைசென்ஸ் உள்ள பெரியவரோடு பிடிக்கலாம், அவர்கள் பிடித்தது அந்தப் பெரியவர் கணக்கில் சேரும்.

தேசியப் பூங்காவுக்குள் மாகாண லைசென்ஸ் செல்லாது, தனி அனுமதி வேண்டும். எந்த மீன், எத்தனை, எந்த மாதம் என்பது ஏரிக்கு ஏரி மாறும். குழம்புக்கு எத்தனை தேவை என்பதை வைத்துப் பிடிக்க முடியாது.

கொசு எப்படி?

மே கடைசி, ஜூனில் கருப்பு ஈ. ரத்தம் வரக் கடிக்கும், காதுக்குப் பின்னால்தான் அதற்குப் பிடித்த இடம். அப்புறம் கொசு. வெளிர் நிற முழுக்கைச் சட்டை, தலைக்கு வலை, டீட் அல்லது இகாரிடின் கலந்த மருந்து. ஊரிலிருந்து கொசுவத்திச் சுருள் கொண்டு வர வேண்டாம், காற்றில் நிற்காது.

கவனிக்க வேண்டியது உண்ணி. கருங்கால் உண்ணி கடித்தால் லைம் நோய் வரலாம். தென் ஒன்டாரியோவில், மேலே சொன்ன ரூஜ் பூங்கா உட்பட, இது உண்டு. புல்லில் நடந்துவிட்டு வந்ததும் குளித்து, முழங்கால் மடிப்பு, அக்குள், தலைமுடி எல்லாம் பாருங்கள். ஒட்டியிருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். தீக்குச்சி, வாசலின் வைத்தியம் வேண்டாம்.

மைனஸ் 20ல நிஜமாவே வெளியே விளையாடுறாங்களா?

விளையாடுகிறார்கள், சின்னக் குழந்தைகள்கூட. ஒரு மொத்த ஸ்வெட்டரைவிட மூன்று மெல்லிய அடுக்கு மேல்: உடம்பை ஒட்டி கம்பளி அல்லது பாலியஸ்டர், நடுவில் ஃபிளீஸ், மேலே காற்று புகாத ஜாக்கெட். பருத்தி பனியன் வியர்வையைப் பிடித்து வைத்து உங்களையே குளிர வைக்கும். இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டு ஷூவுக்குள் இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் குளிரும். வெப்பநிலையோடு காற்றுக் குளிர் எண்ணையும் (wind chill) பாருங்கள். அது மைனஸ் 28க்குக் கீழே போனால் திறந்த தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையலாம், மைனஸ் 40க்குக் கீழே 5 முதல் 10 நிமிடம். மூக்கு நுனியோ கன்னமோ வெளுத்தால் ஒருவருக்கொருவர் சொல்லுங்கள், தனக்கே தெரியாது. தேய்க்காதீர்கள்.

எல்லாம் புதிதாக வாங்க வேண்டாம். பழைய துணிக் கடைகளில் நல்ல பூட்ஸ் கிடைக்கும். விருந்தாளிகளுக்கென்றே எங்கள் வீட்டு பேஸ்மென்டில் நான்கு செட் தொங்குகிறது.

ஏரி பூரா உறைஞ்சு கிடக்கு. எல்லாரும் நடக்கிறாங்க, நாமளும் இறங்கலாம்ல?

எல்லோரும் நடப்பது அத்தாட்சி இல்லை. தெளிந்த நீலப் பனிக்கட்டி பலமானது, வெள்ளைக் கட்டியில் அதில் பாதிப் பலம்தான், சாம்பல் நிறமென்றால் உள்ளே தண்ணீர் இருக்கிறது. செஞ்சிலுவைச் சங்கத்தின் கணக்கு, தனியாக நடக்க 15 செ.மீ., கூட்டமாகச் சறுக்க 20, பனியில் ஓடும் ஸ்னோமொபைல் வண்டிக்கு 25. அளக்காமல் இறங்க வேண்டாம். ஆறு கலக்கும் இடம், பாலத்தின் அடி, படகுத்துறை ஓரம் எப்போதும் மெலிந்திருக்கும். விழுந்தால் மேலே சொன்ன 1-10-1தான், கூடவே தலைக்கு மேல் கூரை.

சந்தேகமே இல்லாமல் சறுக்க ஆட்டவா போங்கள். ரீடோ கால்வாயில் 7.8 கி.மீ. தூரம், இலவசம், தினமும் பனி தடிமனை அளப்பார்கள், ஏறக்குறைய 30 செ.மீ. ஆனால்தான் திறப்பார்கள். 2022–23 குளிர்காலத்தில் அந்தத் தடிமன் வராததால் திறக்கவே இல்லை. அதனால் சறுக்குவதற்காக மட்டும் விமான டிக்கெட் போடாதீர்கள்.

முதல் தடவை ஸ்கீ. நேரா விஸ்லர் போகலாமா?

வான்கூவர் பக்கம் இருக்கும் அந்தப் பெரிய ஸ்கீ மலைக்குப் போகலாம், பணம் உங்களுடையது. முதல் நாள் முழுக்க நீங்கள் விழுவதற்கு டொராண்டோ பக்கத்துக் குன்றே போதும். ஒரு வகுப்பு கட்டாயம் எடுங்கள். காற்றடைத்த வளையத்தில் உட்கார்ந்து சறுக்கும் டியூபிங் தாத்தா பாட்டிக்கும் ஆகும்.

சூப்பர் விசாவுக்கு இன்சூரன்ஸ் எடுத்தாச்சு. அதுவே போதும்ல?

சூப்பர் விசாவுக்கு (பெற்றோர், தாத்தா பாட்டி நீண்ட நாள் தங்குவதற்கான விசா) குறைந்தது 1,00,000 டாலர் மருத்துவக் காப்பீடு வேண்டும், அது பெரும்பாலும் அவசர சிகிச்சைக்கு. ஸ்கீ, பாறை ஏற்றம், ஸ்னோமொபைல் ஆகியவற்றை விலக்கும் பாலிசிகள் உண்டு. ஏற்கெனவே உள்ள இதய நோய், சர்க்கரைக்கும் நிபந்தனைகள் இருக்கும். விலக்குப் பட்டியலை மட்டுமாவது படியுங்கள். சாதாரண விசிட்டர் விசாவில் காப்பீடு கட்டாயமில்லை என்று எடுக்காமல் வருகிறவர்களுக்கு, மாகாண மருத்துவ அட்டை கிடையாது, மொத்தப் பில்லும் கைக்கு வரும். எனக்குத் தெரிந்த ஒருவர் டியூபிங்கில் மணிக்கட்டு உடைந்து, அந்தப் பில்லைப் பார்த்தபோதுதான் அதிகம் அழுதார்.

க்ரவுன் லேண்ட்ல ஃப்ரீயா கூடாரம் போடலாமாமே?

மீன்பிடி லைசென்ஸ் கதைதான் இதுவும். அரசு நிலத்தில் ஒரே இடத்தில் 21 நாள் வரை இலவசம் என்பது கனடாவில் வசிப்பவர்களுக்கு. வெளிநாட்டவர் பிரெஞ்ச், மட்டாவா ஆறுகளுக்கு வடக்கே தங்க அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அங்கே கழிப்பறை, குடிநீர், காவலர் எதுவும் இருக்காது. முதல் தடவை வருகிறவர்களுக்கு நான் சொல்வது பூங்காதான்.

விறகையும் ஊரிலிருந்து ஏற்றிப் போகாதீர்கள், மரத்தைத் தின்னும் பூச்சி கூடவே போகும். போன இடத்தில் வாங்குங்கள். தீத் தடை போட்டிருந்தால் நெருப்பே கூடாது. 2024 ஜூலையில் காட்டுத்தீயில் ஜாஸ்பர் ஊரின் மூன்றில் ஒரு பங்குக் கட்டடங்கள் எரிந்துபோயின.

ட்ரோன் கொண்டு வர்றேன், பான்ஃப்ல பறக்க விடலாமா?

கூடாது. தேசியப் பூங்காக்களில் தடை, அபராதம் 25,000 டாலர் வரை போகும்.

காட்டுக்குள்ள போன் எடுக்குமா? ஏதாவது ஆனா?

ஜாஸ்பர் போகும் அந்த 230 கி.மீ. சாலையின் பெரும்பகுதியில் சிக்னல் கிடையாது, அல்கோன்குவினுக்குள்ளும் பல இடத்தில் இல்லை. வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், பெட்ரோல் நிரப்புங்கள். ஐபோன் 14லும் அதற்குப் பிறகு வந்தவற்றிலும் செயற்கைக்கோள் வழியாக அவசரச் செய்தி அனுப்பலாம், வீட்டிலேயே ஒரு முறை சோதனை ஓட்டம் பார்த்துவிடுங்கள். சிக்னல் இருந்தால் 911.

எந்தப் பாதை, எத்தனை பேர், எப்போது திரும்புவது என்று யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். எங்கள் வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் அதைத் தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுத்தான் செருப்பு மாட்ட வேண்டும். ராத்திரி ஒன்பது மணிக்குள் போன் வராவிட்டால் நான் கூப்பிட ஆரம்பிப்பேன். சிக்னல் வந்ததும் உங்கள் போனில் பதினேழு மிஸ்டு கால் இருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.